முகத்தில் ஏறும் ஊசி: போடாக்ஸும் ஃபில்லரும் மாவட்டத் தலைநகருக்கு வந்தபின்

முகச்சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்வது சினிமாக்காரர்களின் சமாச்சாரம் என்று இருந்த காலம் போய்விட்டது. மாவட்டத் தலைநகரங்களில் தோல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில் முகப்பரு, முடி உதிர்தல், தேமல் ஆகியவற்றோடு போடாக்ஸ், ஃபில்லர் என்ற சொற்களும் சேர்ந்துவிட்டன. திண்டுக்கல்லும் இதற்கு விலக்கல்ல. மகளின் கல்யாணத்துக்கு முன் நெற்றிக் கோட்டைப் போக்க வேண்டும் என்று வருகிற அம்மாவும், கன்னம் ஒட்டிப்போய்விட்டது, யாரைப் பார்த்தாலும் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள் என்று வருகிற ஐம்பது வயதுக்காரரும் இன்று சாதாரண மனிதர்கள்தான். முகம் பொலிவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறு ஏதுமில்லை.

ஆனால் அந்த ஆசை ஊசி வடிவம் எடுக்கும்போது சில கேள்விகள் எழுகின்றன. இந்த மருந்துகள் எதைச் செய்யும், எதைச் செய்யாது? யார் போடலாம்? கோளாறு ஏற்பட்டால் திண்டுக்கல்லில் இருப்பவர் எங்கே ஓடுவது? இந்தக் கட்டுரை கண்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தகுதியான கையில் இவை நம்பத்தக்க சிகிச்சைகள். ஆனால் ஊசி போடுகிற ஐந்து நிமிடத்தை வைத்து ஒரு மருத்துவமனையை எடை போடக் கூடாது. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

சுருக்கம் வேறு, குழி வேறு

முகம் மூப்படைவது ஒரே காரியம் அல்ல. கோபத்தில் புருவத்தை நெரிப்பது, வெயிலில் கண்ணைச் சுருக்குவது, சிரிப்பது என்று தசைகள் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகத் தோலை மடிப்பதால் வருபவை அசைவுச் சுருக்கங்கள். புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக விழும் கோடுகள், நெற்றியின் குறுக்குக் கோடுகள், கண்ணோரத்து விசிறிக் கோடுகள் இந்த வகை. முகத்தின் கொழுப்புத் திட்டுகள் சுருங்குவதாலும், கீழே இருக்கிற எலும்பே தேய்வதாலும் வருவது இன்னொரு வகை. கன்னம் ஒட்டுவது, கண்ணுக்குக் கீழே குழி விழுவது, மூக்கிலிருந்து வாயோரம் வரை பள்ளம் இறங்குவது எல்லாம் அதனால்தான். கடைவாய்ப் பல் விழுந்து அப்படியே விட்டவர்களுக்கும், வேகமாக எடை குறைந்தவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் மெலிந்தவர்களுக்கும் இது முன்கூட்டியே வரும்.

மூன்றாவது, வெயில். திண்டுக்கல் சமவெளி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி புற ஊதாக் கதிர் கடுமையாக விழும் இடம் இது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காடுகளில் களை எடுப்பவர்களின் முகத்தையும், அதே வயதில் கடைக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் முகத்தையும் அருகருகே பார்த்தால் வித்தியாசம் புரியும். நம் தோலின் கருமை நிறமி ஓரளவு காப்பு. அதனால் வெள்ளையர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாக வருகிறது. முதலில் வருவது மங்கும் கருந்திட்டும்தான். சுருக்கம் என்று ஊசிக்கு வருபவர்களில் பலருக்கு உண்மையான குறை நிறத்திட்டாகவே இருக்கும். அதற்கு ஊசி மருந்து அல்ல.

ஆகவே எந்தச் சிகிச்சை என்பதற்கு முன் எந்த வகைக் குறை என்று பார்க்க வேண்டும். அசைவுச் சுருக்கத்துக்கு போடாக்ஸ், குழிக்கு ஃபில்லர், வெயில் பட்ட தோலுக்கு இரண்டும் அல்ல. இந்தப் பாகுபாட்டைச் சொல்லாமல் “முகத்துக்கு ஒரு பேக்கேஜ்” என்று பேசும் இடத்தில் எச்சரிக்கை தேவை.

தசையை ஓய்வெடுக்க வைக்கும் நஞ்சு

போடாக்ஸ் என்பது போட்டுலினம் நச்சின் ஒரு வணிகப் பெயர். கெட்டுப்போன இறைச்சி உணவால் வரும் வாதத்தை 1820-களில் ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினஸ் கெர்னர் விரிவாக எழுதி வைத்தார். 1895-இல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் இறுதிச் சடங்குக்கு வாசிக்கப் போன இசைக்குழுவினர் பன்றித் தொடைக்கறி சாப்பிட்டு விழுந்தார்கள், மூவர் இறந்தனர். அந்தக் கறியிலிருந்துதான் எமில் வான் எர்மென்கெம் இந்த நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

அதை மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணைச் சரிசெய்யக் கண் தசையில் மிகச் சிறிய அளவு செலுத்திப் பார்த்தார். 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது. கனடாவின் வான்கூவரில் இமைத் துடிப்புக்கு இந்த ஊசி போட்ட கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ், நோயாளியின் புருவ நடுக் கோடுகளும் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து 1992-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். புருவ நடுக் கோடுகளுக்கான அனுமதி 2002 ஏப்ரலில் வந்தது.

நரம்பு தசையைச் சுருக்க அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அதை வெளியிட நரம்பு முனையில் ஒரு புரதம் தேவை. நச்சு அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. கட்டளை வராத தசை ஓய்வெடுக்கிறது. மேலே இருக்கும் தோல் மடிப்பு தளர்கிறது. ஊசி போட்ட மூன்று முதல் ஏழு நாளில் மாற்றம் தெரியும், இரண்டு வாரத்தில் முழுமையாகும், மூன்று நான்கு மாதத்தில் நரம்பு மீண்டு பழைய நிலை திரும்பும். நிரந்தரம் என்று யாராவது சொன்னால் அது பொய்.

வேலை நடக்கும் விதத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருந்த சிறு குப்பி வெளியே வருகிறது. உள்ளே அடியில் ஒரு மெல்லிய வெண்படலம்தான். சில குப்பிகளில் அது கண்ணுக்கே தெரியாது. நூறு யூனிட் குப்பிக்குள் இருக்கும் நச்சின் அளவு சில நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதில் உப்புநீர் விட்டுக் கரைக்கிறார்கள். எவ்வளவு விட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு சொட்டின் வலிமை. புருவ நடுவுக்கு ஐந்து புள்ளிகளில் மொத்தம் 20 யூனிட் என்பது போடாக்ஸுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு. டிஸ்போர்ட் போன்ற மற்ற நிறுவன மருந்துகளின் யூனிட் கணக்கு வேறு. ஒன்றை மற்றொன்றுக்கு அப்படியே மாற்ற முடியாது. கரைத்த மருந்தை எத்தனை பேருக்குப் பகிர்ந்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்பது நோயாளியின் கண்ணுக்குத் தெரியாது. மலிவு விலையின் ரகசியம் பெரும்பாலும் கூடுதல் தண்ணீரில்தான் இருக்கிறது.

தலைவலியும் சிறு ரத்தக் கட்டும் சகஜம். மருந்து சற்றுக் கீழே இறங்கினால் இமை தொங்கும்; வாரக்கணக்கில் நீடித்துத் தானே சரியாகும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் தருபவர்களும் தவிர்க்க வேண்டும். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கும், ஜென்டாமைசின், அமிகாசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். போலி மருந்து உயிருக்கே உலை வைக்கும். 2004-இல் புளோரிடாவில் ஆய்வுக்கூட நச்சை முகத்தில் ஏற்றியதில் நால்வர் வாதம் வந்து செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், போலியான அல்லது முறையின்றிப் போட்ட ஊசிகளால் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டதையும், அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் அறிவித்தது.

பள்ளத்தை நிரப்பும் ஜெல்

குழியை நிரப்பும் முயற்சிக்கு நூறாண்டுக்கு மேல் வயது. 1890-களில் உடலின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து முகத்தில் வைத்தார்கள். பின்பு பாரஃபின் மெழுகை ஏற்றினார்கள். அது கட்டிகட்டியாகத் திரண்டு பலர் முகத்தை அழித்தது. 1981-இல் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு ஒவ்வாமைச் சோதனை கட்டாயம். சில மாதத்தில் கரைந்தும் போகும்.

2003 டிசம்பரில் ரெஸ்டிலேன் என்ற ஹையலூரானிக் அமில ஜெல்லுக்கு அனுமதி வந்ததும் கொலாஜன் பின்னுக்குப் போனது. ஹையலூரானிக் அமிலத்தை 1934-இல் மாட்டுக் கண்ணிலிருந்து கார்ல் மேயரும் ஜான் பால்மரும் பிரித்தெடுத்தார்கள். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் அது இயற்கையாகவே இருக்கிறது. நீரைப் பிடித்து வைக்கும். இயற்கையான வடிவில் அது உடலில் சில நாளே தங்கும். வேதிப் பிணைப்பு கொடுத்து ஜெல்லாக்கினால் ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். அதன் பெரிய நன்மை, வேண்டாம் என்றால் ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஏற்றிக் கரைத்துவிடலாம். எலும்புத் தாதுவை ஒத்த கால்சியம் ஃபில்லருக்கும், உடலே கொலாஜன் உண்டாக்கத் தூண்டும் பாலிலாக்டிக் அமிலத்துக்கும் இந்த வசதி இல்லை. முதன்முறை போடுபவர் கரைக்கக்கூடிய ஃபில்லரைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

பாலிலாக்டிக் அமிலத்தின் வரலாறு தமிழ்நாட்டுக்காரர் அறிய வேண்டியது. 2004-இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது அழகுக்காக அல்ல. எச்ஐவி நோயாளிகளின் ஒட்டிய கன்னத்துக்காக. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் செய்த பரிசோதனைகளில். 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது தாம்பரம் அரசு மருத்துவமனையும் முதல் மையங்களில் ஒன்று. அன்றைய மலிவான கூட்டு மருந்தில் இருந்த ஸ்டாவுடின் உயிரைக் காத்தது. முகக் கொழுப்பைக் கரைத்தது. ஒட்டிய கன்னமே ஊருக்கு நோயைக் காட்டிக்கொடுத்தது. 2009-இல்தான் ஸ்டாவுடினைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அந்தக் கன்னங்களுக்காக அங்கீகாரம் பெற்ற மருந்து ஏழை நோயாளிகளின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. 2009-இல் அமெரிக்காவில் பொது அழகுச் சிகிச்சைக்கும் அனுமதி பெற்றது. முகத்தின் நிறைவு வெறும் பகட்டு அல்ல, ஒரு மனிதர் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதற்கும் அதுவே வேண்டியிருக்கும் என்பதை இந்த வரலாறு சொல்கிறது.

கெட்டுப்போனால்: ஒரு மணி நேரக் கணக்கு

ஃபில்லரின் சிறு தொல்லைகள் வீக்கம், ரத்தக் கட்டு, கட்டிகட்டியாக நிற்பது, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்தல், தொற்று ஆகியவை. பெரிய ஆபத்து ஒன்றுதான்: ஜெல் ரத்தக் குழாய்க்குள் போவது. மடையில் மண் அடைத்தால் கடைமடை காய்வதுபோல, அந்தக் குழாய் ஊட்டும் தோல் முழுவதும் ரத்தமின்றித் தவிக்கும். முதல் அடையாளம் ஊசி போட்டதற்குப் பொருந்தாத கடும் வலி, அல்லது சட்டென்று வெளுப்பு. பிறகு வலை பின்னியதுபோல் ஊதா நிறம் படரும். அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த தோல் இரண்டு மூன்று விநாடிக்குள் பழைய நிறம் பெற வேண்டும். திரும்பவில்லை, அல்லது மிகத் தாமதமாகத் திரும்புகிறது என்றால் அது அபாய மணி. அந்தக் கணமே ஹையலூரானிடேஸ் அதிக அளவில் ஏற்ற வேண்டும். பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினால் மூக்கு நுனியிலோ உதட்டிலோ தோல் கறுத்து அழுகும்.

இதைவிடக் கொடியது, முகக் குழாயில் ஏறிய ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரைக் குழாயை அடைப்பது. 2015-இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பு, உலக மருத்துவ இதழ்களில் அதுவரை பதிவான 98 பார்வையிழப்புச் சம்பவங்களைப் பட்டியலிட்டது. கொழுப்பு ஊசியும் ஹையலூரானிக் ஜெல்லும் அவற்றில் அதிகம். புருவ நடு, மூக்கு, மூக்கோரப் பள்ளம், நெற்றி ஆகியவையே பெரும்பாலான சம்பவங்களின் இடங்கள். உலகெங்கும் போடப்படும் ஊசிகளோடு ஒப்பிட்டால் இது மிக அரிது. ஆனால் வந்துவிட்டால் பெரும்பாலும் பார்வை திரும்புவதில்லை. விழித்திரை ரத்தமின்றித் தாங்கும் நேரம் 60 முதல் 90 நிமிடம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள்; அதைவிடக் குறைவு என்போரும் உண்டு.

இந்தக் கணக்கைத் திண்டுக்கல்லில் வைத்துப் பார்க்க வேண்டும். மதுரையின் பெரிய கண் மருத்துவமனைகள் அறுபது கிலோமீட்டருக்கு மேல். நான்குவழிச் சாலையில் கிளம்பிய உடனே போனாலும் ஒரு மணி நேரம் போய்விடும். பழனியிலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ என்றால் அதைவிட அதிகம். அங்கே போய்ச் சேரும்போது மருத்துவர் செய்யக்கூடியது குறைந்துவிடும். ஆகவே முதல் சிகிச்சை ஊசி போட்ட நாற்காலியிலேயே நடக்க வேண்டும். இதற்கு அரிய மருந்து எதுவும் தேவையில்லை. ஹையலூரானிடேஸ், கண்புரை அறுவைச் சிகிச்சையின்போது மரப்பு மருந்தோடு கலக்கப்படும் மருந்துதான். கண் மருத்துவமனைகளுக்கு நன்கு பழக்கமானது. அதைத் தன் குளிர்பெட்டியில் வைத்திருக்காத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளக் கூடாது.

சிறு நகரங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாரத்தில் ஒருநாள், மாதத்தில் ஒருநாள் வெளியூரிலிருந்து வரும் மருத்துவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். அது மக்களுக்கு நல்லதே. ஆனால் ஃபில்லரில் தொல்லை சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். தொற்று சில நாள் கழித்து வரும். மருத்துவர் ஊர் திரும்பியபின் இரவு பத்து மணிக்கு யார் பார்ப்பார் என்ற பதில் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

யார் போடலாம்

போட்டுலினம் நச்சு மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. ஃபில்லர் சட்டப்படி மருத்துவச் சாதனம்; 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அழகு நிலையத்தின் க்ரீம் வரிசையில் இவற்றுக்கு இடமில்லை. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், அழகுச் சிகிச்சைகளைப் பதிவு பெற்ற, முறையான பயிற்சி உள்ள மருத்துவர்களே செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. வீடியோ பார்த்தும் ஓரிரு பட்டறையில் உட்கார்ந்தும் கற்பது பயிற்சி ஆகாது என்றும் அது சொன்னது. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒவ்வொரு கிளினிக்கும் பதிவு பெற வேண்டும்.

விதி இருந்தும் காலதாமதமாகப் பாடம் கற்றிருக்கிறோம். 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தபின்தான் அழகு மையங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று மாநிலம் பேசத் தொடங்கியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையம், ரத்தத்தை எடுத்து முகத்தில் ஏற்றும் சிகிச்சையின்போது ஊசிக் கருவிகளைத் திரும்பப் பயன்படுத்தியது. வாடிக்கையாளர்கள் எச்ஐவி தொற்றுக்கு ஆளானார்கள். இங்கிலாந்து 2021 அக்டோபர் முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசிகள் போடுவதையே தடை செய்தது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு வரி சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

செலவும் மாற்றுவழியும்

விலை இடத்துக்கு இடம் மாறும். நகரங்களில் நச்சு ஊசிக்கு யூனிட்டுக்குச் சில நூறு ரூபாய், ஃபில்லருக்கு ஒரு மில்லி சிரிஞ்சுக்குப் பதினைந்தாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்கு மேலும் ஆகிறது. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். ஏறத்தாழ ஒரு யூனிட்டுக்கு ஒரு நாள் கூலி. புருவ நடுவுக்கே இருபது யூனிட். அழகுக்கான சிகிச்சை என்பதால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. நாலு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் செலவு இது. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ செய்துகொள்ள வேண்டிய காரியம் அல்ல.

காசு குறைவாக உள்ளவர்களுக்கு அறிவியல் கைவிரிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 903 பேரை நாலரை ஆண்டு கவனித்த ஆய்வு, தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2013-இல் காட்டியது. காட்டு வேலைக்குத் தலையில் கட்டும் துண்டும் அகன்ற தொப்பியும் வெயிலை ஓரளவு தடுக்கும். புகையையும் புகையிலையையும் விடுவது, விழுந்த பல்லைக் கட்டுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, மருத்துவர் தரும் ட்ரெட்டினோயின் க்ரீமை இரவில் பூசுவது எல்லாம் முகத்துக்கு நேரடிப் பயன் தருபவை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு க்ரீம்களை நிறுத்துவதும் அப்படியே. அவை தோலை மெலியவைத்து ரத்தக் குழாய்களை வெளியே காட்டும். 2018-இல் அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்த்தும் விற்பனை நின்றபாடில்லை. நிறம் வெளுக்கும் என்று ஏற்றும் குளுட்டாதயோன் ஊசியைப் பற்றியும் ஒரு வரி: தோலை வெளுப்பாக்கும் ஊசி எதற்கும் எஃப்டிஏ அனுமதி தந்ததில்லை.

கேட்க வேண்டியவை

ஊசி போடுவது என்று முடிவெடுத்தவர் நாற்காலியில் சாயுமுன் இவற்றைக் கேளுங்கள். போடுபவரின் பெயரும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் என்ன? பெட்டியை என் கண் முன் திறப்பீர்களா? அதன் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் இருக்குமா? எத்தனை யூனிட், எத்தனை மில்லி? கரைக்கும் மருந்து இங்கேயே இருக்கிறதா? இரவில் வலி வந்தால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்? ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை, சர்க்கரை, பழைய ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள். பொறுப்புள்ள மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அதன் அவசரப் பிரிவில் ஹையலூரானிடேஸும், ஃபில்லர் அடைப்புக்கான சிகிச்சை வழிமுறையும் இருக்க வேண்டும்; தோல், கண் துறைகள் இதற்குச் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும். பக்கவாதத்தால் இறுகிய கைக்கும், மூளை முடக்குவாதக் குழந்தையின் காலுக்கும், அடங்காத இமைத் துடிப்புக்கும் இதே போட்டுலினம் ஊசிதான் மருந்து. வசதியுள்ளவர் புருவக் கோட்டுக்கு வாங்கும் ஊசி, அந்தக் குழந்தைக்கும் திண்டுக்கல்லிலேயே செலவின்றிக் கிடைக்க வேண்டும்.